வீட்டில் கஞ்சாக் கிளையை நட்டு மருந்தாக்கலாமா? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், குறிப்பாகச் செண்பகத்தோப்பை ஒட்டிய அடிவார ஊர்களில், கிளையிலிருந்து செடி வளர்ப்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றுவதும், அண்டை வீட்டாரிடம் செம்பருத்திக் குச்சி கேட்டு வாங்கி நடுவதும், மல்லிகையைப் பதியன் போடுவதும் வழக்கமானவை. இருமலுக்கு உதவும் ஆடாதோடையும் கற்பூரவல்லியும், நீராவி பிடிக்க உதவும் நொச்சியும் கிளையிலிருந்தே எளிதில் வேர் விடுகின்றன. இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி எழுகிறது: "வெளிநாட்டில் கஞ்சாவை வீட்டிலேயே வளர்த்து மருந்தாகப் பயன்படுத்துகிறார்களாமே, நல்ல செடி ஒன்றின் கிளை கிடைத்தால் நாமும் தொட்டியில் வைக்கலாமா?"

இவ்வாறு கேட்பவர்கள் பெரும்பாலும் போதையை நாடுபவர்கள் அல்லர். புற்றுநோய் வலியால் இரவெல்லாம் உறங்காத தாயைக் கவனிக்கும் மகன், வலிப்பு அடங்காத குழந்தையின் பெற்றோர் போன்றவர்களே கேட்கின்றனர். ஆகவே அவர்களைக் கடிந்து அனுப்புவது முறையன்று. காரணத்தோடு விடை கூறுவதே முறை. விடை இதுதான்: வளர்க்கக் கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காதிருந்தாலும், வீட்டில் வளரும் அந்தச் செடி உங்கள் நோயாளிக்கு உரிய மருந்தாகாது.

செய்திகளில் வருவது என்ன?

கனடாவில் 2018 அக்டோபர் முதல், பெரும்பாலான மாகாணங்களில், ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் மூன்று செடிகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், கஞ்சாப் பூவை வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று விதியை மாற்றியது. முதல் செய்தி கைப்பேசிகளில் பரவிய அளவுக்கு இரண்டாவது செய்தி பரவவில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் போதைமருந்து ஆணையம் 2020 டிசம்பரில் எடுத்த முடிவும் அடிக்கடி தவறாக எடுத்துக்கூறப்படுகிறது. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சா அன்று நீக்கப்பட்டது. 27 நாடுகள் ஆதரித்தன, 25 நாடுகள் எதிர்த்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால், கட்டுப்பாட்டுக்குரிய முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் நீடிக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கு இருந்த தடை ஓரளவு தளர்ந்தது என்பதே அம்முடிவின் பொருள். வீட்டில் வளர்க்கலாம் என்பதன்று.

நம் நாட்டில் உத்தரகண்ட் மாநிலம் நாருக்கும் விதைக்குமான சணல்வகைக் கஞ்சாவை உரிமத்தின் பேரில் பயிரிட இசைந்துள்ளது. போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் அதில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. மருத்துவத்துக்கும் தொழிலுக்குமான கட்டுப்படுத்தப்பட்ட சாகுபடி குறித்த குழு அறிக்கையை இமாசலப் பிரதேசச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் ஏற்றது. இவை எல்லாம் உரிமம் பெற்ற வயல்களைப் பற்றியவை. தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டத்துக்கு எந்த அனுமதியும் இல்லை.

"கொஞ்சம்தானே" என்னும் எண்ணம்

1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கஞ்சாச் செடி எதையும் பயிரிடுவதைத் தடை செய்கிறது. 20ஆம் பிரிவின்படி, பயிரிடும் குற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கஞ்சாவை வைத்திருக்கும் குற்றத்தில் ஒரு கிலோ வரை "சிறிய அளவு" எனப்படும். அதற்குத் தண்டனை குறைவு. வளர்க்கும் குற்றத்துக்கு அத்தகைய அளவுப் பாகுபாடு சட்டத்தில் இல்லை. தொட்டியில் நிற்கும் ஒரு செடியும் செடிதான். வேர் பிடித்த ஒரு கிளையும் செடிதான். நோயாளிக்காக வளர்த்தேன் என்பதற்குத் தனி விலக்கும் இல்லை. வாடகை வீட்டாரும் தோட்ட உரிமையாளரும் இன்னொன்றை அறிதல் நலம். தம் நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகக் கஞ்சா வளர்வதை அறிந்தும் தெரிவிக்காத நிலவுடைமையாளர், 46ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாவார்.

காட்டோரத்தில் நடலாம் என எண்ணுவதும் தவறு. செண்பகத்தோப்புக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது; 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியுமாகும். அங்கே வனச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும். காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் மூலிகை என்று எதையும் பறித்து வருவதும் தவிர்க்கத்தக்கது.

கிளை நட்டால் மருந்து கிடைக்குமா?

கிளையிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் நகல் என்பது உண்மை. கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. விதையிலிருந்து எது வரும், அதன் தன்மை என்ன என்பதை முன்கூட்டி அறிய இயலாது. உரிமம் பெற்ற மருந்து நிறுவனங்கள் கிளை முறையை விரும்புவது இதனால்தான். ஆனால் அந்நிறுவனங்கள் தாய்ச்செடியை முதலில் ஆய்வகத்தில் சோதித்து, எந்த வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்று அறிந்த பின்னரே நகல் எடுக்கின்றன. உங்கள் கைக்கு வரும் கிளையின் தாய் எது? யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் சரியான நகல், தெரியாததாகவே இருக்கும்.

தாய் தெரிந்திருந்தாலும் சிக்கல் தீராது. ஒளி, வெப்பம், பறிக்கும் பருவம், உலர்த்தும் விதம், சேமிப்பு ஆகிய ஒவ்வொன்றும் வேதிப்பொருளின் அளவை மாற்றுகின்றன. ஒரே செடியின் உச்சிப் பூவுக்கும் கீழ்க்கிளைப் பூவுக்கும் வீரியம் வேறுபடும். மேலும், பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. சூடுபட்டால்தான் போதை தரும் வடிவுக்கு மாறுகிறது. எனவே ஒரே இலையை அரைத்துக் கொடுத்தால் ஒரு விளைவும், காய்ச்சிக் கொடுத்தால் வேறொரு விளைவும் உண்டாகும். வாய்வழி உட்கொண்டால் விளைவு தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு முறை கொடுத்துவிட்டு, நள்ளிரவில் நோயாளியை மயக்க நிலையில் தூக்கி வரும் நிலை இவ்வாறே நேர்கிறது. முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைந்து கீழே விழுதலும் குழப்பமும் ஏற்படலாம்.

இது புதிய சிக்கலன்று. வில்லியம் ஓஷானெஸி என்னும் மருத்துவர் 1839இல் கல்கத்தாவில் கஞ்சாவை வலிப்புக்கும் இசிவுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதிய பின்னரே மேலைநாட்டு மருத்துவர்கள் அதைப் பரவலாகக் கையாண்டனர். ஆயினும் ஒரு புட்டியில் இருந்த வீரியம் மற்றொன்றில் இல்லை. சட்டத் தடைகளோடு இந்த நிலையின்மையும் சேர்ந்து, 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. செயல்படும் பொருளான டி.எச்.சி. தனியே பிரித்தெடுக்கப்பட்டு அதன் அமைப்பு அறியப்பட்டது 1964இல்தான். அளந்து தர இயன்ற பிறகே அது மீண்டும் மருத்துவத்துக்குள் வந்தது.

புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுபவருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. சரியாக உலராத கஞ்சாப் பூவில் அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வளரும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலை அவை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தாக்கக்கூடும். மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் முதலிய உலோகங்களையும் இச்செடி உறிஞ்சிச் சேர்க்கும் இயல்புடையது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், அவர்கள் தவறுதலாக உண்டுவிடும் ஆபத்தும் சேர்கிறது.

அப்படியானால் நோயாளிக்கு என்ன வழி?

புற்றுநோய் வலிக்கு இன்றும் முதன்மையான மருந்து மார்பின் மாத்திரை. விலை குறைவு, அளவு துல்லியம், வீட்டிலேயே தரலாம். மார்பின் கிடைப்பதை எளிதாக்கவே 2014இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாப் போதைமருந்துகளாக அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வந்தது. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்னும் அச்சம் பெரிதும் மிகையானது. மலச்சிக்கல் ஏறத்தாழ உறுதி. அதற்கான மருந்தையும் தொடக்கத்திலிருந்தே கேட்டுப் பெறுங்கள். நோய் ஆதரவு சிகிச்சை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் உள்ளது. படுக்கையை விட்டு எழ இயலாதவர் வீட்டில் இருந்தால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். என் கருத்தில், கஞ்சாவைப் பற்றிக் கேட்கும் குடும்பங்களில் பல, மார்பினைப் பற்றி ஒருமுறையும் கேட்டறியாதவை. அது மருத்துவர்களாகிய எங்கள் குறையுமாகும்.

வேதிச்சிகிச்சை வாந்திக்கு ஆன்டன்செட்ரான் முதலிய மருந்துகள் உள்ளன. ஒன்று கேட்கவில்லையெனில் இன்னொன்றைச் சேர்க்கலாம். கஞ்சாவை நெடுநாள் பயன்படுத்துவோரில் சிலருக்கு அதுவே அடங்காத வாந்தியை உண்டாக்குகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வலிப்பைப் பொறுத்தவரை, கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த சி.பி.டி. என்னும் பொருளாலான ஒரு மருந்துக்கு அமெரிக்கா 2018 ஜூனில் ஒப்புதல் அளித்தது. டிராவே, லெனாக்ஸ்–கேஸ்டோ என்னும் இரு அரிய, கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கே அந்த ஒப்புதல் முதலில் தரப்பட்டது. அது சுத்திகரித்து அளவிடப்பட்ட திரவம். போதை தரும் டி.எச்.சி. அதில் நீக்கப்பட்டுள்ளது. அதற்கே வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைகளில் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. குளோபசாமுடன் சேர்ந்தால் மிகுந்த உறக்கம் உண்டாகிறது. வீட்டுச் செடியின் சாற்றை அதற்கு ஈடாகக் கருதிக் குழந்தைக்குக் கொடுத்து, வலிப்பு மாத்திரையை நிறுத்துவதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம்.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் சணல்விதை எண்ணெய் வேறு. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021 நவம்பரில் அனுமதி தரப்பட்டது. அது வலிக்கோ வலிப்புக்கோ மருந்தன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேர்ந்தவை உண்டு. ஆனால் மருந்து விதிகளின் ஈ1 பட்டியல் அதை நச்சுச் சரக்காக வகைப்படுத்தி, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளச் சொல்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பை, பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரின் சீட்டின் பேரிலேயே பெற வேண்டும். அதை எடுத்துக்கொள்வதாக இருந்தால், உங்கள் பிற மருந்துகளை எழுதும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். வார்ஃபரின் எடுப்போருக்கு இது மிகவும் முக்கியம், இரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

மறைக்க வேண்டாம். எதை, எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் கூறுங்கள். மருத்துவர் கேட்பது சிகிச்சைக்காகவே. நோயாளி எழுப்பினாலும் எழாமலிருந்தாலோ, மூச்சு மெதுவானாலோ, குழந்தை எதையேனும் உண்டதாக ஐயம் எழுந்தாலோ, உடனே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

வீட்டில் செடி இருக்கிறதென்றால், அதையோ அதன் கிளையையோ பிறருக்குக் கொடுக்காதீர்கள். அது மற்றொரு குற்றமாகும். என்ன செய்வது என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்ட உதவிக்கு 15100 என்னும் எண்ணை அழைக்கலாம். விருதுநகர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. பயன்பாடு பழக்கமாகிவிட்டதெனில் 14446 என்னும் எண்ணிலும், மன உளைச்சலுக்கு 14416 என்னும் எண்ணிலும் ஆலோசனை பெறலாம். பராமரிப்பாளராகிய உங்களுக்கும் உறக்கமில்லை என்றால், 14416 உங்களுக்கும் உரியதே. மருத்துவ ஐயங்களுக்கு 104.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, கடந்த ஒரு வாரத்தில் வலி எந்த நேரத்தில் கூடியது, எந்த மாத்திரைக்குப் பின் எத்தனை மணி நேரம் குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். மருந்தின் அளவை மாற்ற அந்தத் தாள் எங்களுக்குப் போதும்.