நடுகல்லுக்கு ஒரு பழைய கேமரா

ஏலகிரி, ஜவ்வாது மலையடிவாரங்களில் நடுகல் தேடிச் செல்வோர்க்கு எந்தக் கேமரா ஏற்றது என்னும் கேள்வி இலக்கியத்துக்குப் புறம்பானது என்று நண்பர்கள் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எங்கள் வாணியம்பாடிக்கு அண்மையில் உள்ள ஆம்பூரில் கிடைத்த, நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டு நடுகற்களை ஹுல்ச் 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் பதிப்பித்தார். தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. பதிவு பெற்ற கற்கள் அவை. பதிவு பெறாத கல்லொன்று சாலை விரிவாக்கத்தில் புதையுண்டால், அதில் பெயர் பொறிக்கப்பட்ட வீரன் இரண்டாம் முறை இறக்கிறான்.

பழைய பொருளாக விற்பனைக்கு வரும் முரட்டு வகைச் சட்டைப்பைக் கேமராக்களின் விளம்பரங்கள் நீரின் ஆழத்தையே பெருமையாகப் பேசும். கேனான் டி10 (2009) 10 மீட்டர். ஒலிம்பஸ் டிஜி-1 (2012) 12 மீட்டர். கோடைப் பாலாற்றில் கணுக்கால் நனைவதே அரிது. இந்த எண்களால் நமக்கென்ன பயன்? பத்தாண்டு கடந்த கருவியில் மூடியோரத்து ரப்பர் வளையமும் இறுகிப் போயிருக்கும். தொல்காப்பியம் கூறும் நீர்ப்படை கல்லுக்குரியது, கேமராவுக்கன்று.

நம் பகை மணலும் தூசியுமே. சாதாரணக் கேமராவின் லென்ஸ் குழல் வெளியே நீண்டு வரும். இடுக்கில் ஒரு மணற்பரல் சிக்கினால் அப்படியே நின்றுவிடும். முரட்டு வகையில் குழல் வெளியே வருவதில்லை. பெரும்பாலானவற்றில் உள்ளிருக்கும் பட்டகம் ஒளியைச் செங்கோணத்தில் திருப்பிவிட, லென்ஸ்கள் உடலுக்குள்ளேயே நகர்கின்றன. 2002இல் மினோல்டாவின் டிமாஜ் எக்ஸ் கையாண்ட முறை இது. வழிபாட்டிலிருக்கும் கற்களைத் தொட்டால் எண்ணெயும் மஞ்சளும் கையில் ஒட்டும். அந்தக் கையோடு எடுத்த கேமராவை ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்பதும் சிறிய வசதியன்று.

ஆயினும் தேர்வை முடிவு செய்ய வேண்டியது ஒளிதான். தேய்ந்த வட்டெழுத்தை நேர்முகமாகப் பாயும் ஃப்ளாஷ் அழித்துவிடும். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும். பென்டாக்ஸ் டபிள்யூஜி-1 (2011) லென்ஸைச் சுற்றி ஐந்து சிறு விளக்குகளை வைத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நெருங்கிக் காசையோ பானையோட்டையோ படமெடுக்க அதற்கு நிகரில்லை, கல்வெட்டுக்கு அது உதவாது. மாலையில் புளியமரத்தடியில் நின்று, பக்கவாட்டில் டார்ச் பிடித்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். அந்நேரத்தில் டிஜி-1இன் எஃப் 2.0 லென்ஸ், நிக்கான் ஏடபிள்யூ100இன் (2011) எஃப் 3.9ஐவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. நிக்கானுக்கு 16 மெகாபிக்சல், ஒலிம்பஸுக்கு 12 என்பதைக் காட்டி வாதிடுவோரிடம் நாம் வாதிடுவதில்லை. நம் தேர்வு டிஜி-1. பணம் குறைவெனில் எஃப் 2.8 கொண்ட கேனான் டி10. ஆனால் அதில் ஜிபிஎஸ் இல்லை, மற்ற இரண்டிலும் உண்டு. ஒலிம்பஸிலேயே 720 எஸ்டபிள்யூ (2006) போன்ற முந்தியவற்றை வாங்க வேண்டாம். அவை கேட்கும் எக்ஸ்டி அட்டையின் உற்பத்தி நின்று பல்லாண்டுகளாயிற்று.

இன்றைய செல்பேசி இவற்றைவிட நல்ல படம் தருமே என்றால், தரும், மறுக்கவில்லை. படம் எடுத்த மறுகணம் அது என்னாகிறது என்பதே நம் கவலை. வாட்ஸ்அப் குழுவில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்குகிறது, அட்சரேகை தீர்க்கரேகைக் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. எந்த ஊர்க் கல் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் குழுவில் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். கேமராவின் அட்டையிலோ கோப்பு எடுத்தபடியே, வரிசை எண்ணோடு இருக்கிறது. மைப்படிக்கு இது மாற்றாகாது. மைப்படி சொல்லாத ஒன்றை, கல் நின்ற இடத்தை, இது சொல்லும்.

வாங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். நெடுநாள் மின்கலம் தீர்ந்து கிடந்த கேமரா தன் தேதியை மறந்து பழைய ஆண்டொன்றின் ஜனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். கல்லின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, எட்டா என்று நாம் சண்டையிடுவது போதும். படத்தின் காலத்துக்கும் பின்னொருவர் சண்டையிட வேண்டாம்.