வேகம் குறைந்தால் குற்றம் யாருடையது?

லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளில் வாடகை, பால், மின்சாரம் என்ற மாதச் செலவுகளோடு இண்டர்நெட் செலவும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளின் பாடம், ரயில் டிக்கெட், ஊரில் இருக்கும் பெற்றோரை முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் அதை நம்பியே நடக்கின்றன. ஆனால் கூடத்தில் நன்றாக வரும் வை-ஃபை உள்ளறையில் திணறுகிறது. உடனே பலர் அதிக வேகத் திட்டத்துக்கு மாறி அதிகப் பணம் கட்டுகிறார்கள். அப்படியும் உள்ளறை பழையபடியே திணறுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது தேவைதானா?

நோய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை ரூட்டருடன் வயர் மூலம் இணைத்து வேகத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். அப்போதும் வேகம் குறைவாக இருந்தால் கம்பெனியைக் கேட்கலாம். விடாமல் கேட்கவும் வேண்டும். வயரில் சரியாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள்தான்.

1895ஆம் ஆண்டு இதே நகரத்தின் டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், சுவரைத் தாண்டி மின்காந்த அலைகளை அனுப்பி, மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். அலை சுவரைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு சுவரும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். பழைய வீடுகளின் கனத்த செங்கல் சுவர்கள் இன்னும் அதிகமாகக் குறைக்கும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் வழியையே மறிக்கும். கேபிள்காரர் வாசல் மூலையில் மாட்டிய ரூட்டரை வீட்டின் நடுவே, உயரமான இடத்துக்கு மாற்றச் சொன்னால் பெரும் குறை தீரும். ரூட்டர் உள்ள அறையில் வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பும், தள்ளியுள்ள அறையில் சுவர் தாண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பும் நல்லது.

மற்றொரு தொல்லை அக்கம்பக்கத்தாரால் வருவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமலே உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு 2005ல் அனுமதித்தது. அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரே கட்டடத்தில் பத்துக் குடும்பங்கள் இருந்து, பத்து ரூட்டர்களும் ஒரே சானலில் இருந்தால் குழாயடி நெரிசல்தான். இதற்குப் பலம் கூடிய கருவி வாங்குவது பரிகாரமாகாது. ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்துவார். யார் பேச்சும் காதில் விழாது.

அடுத்தடுத்த வீட்டார் கலந்து பேசி, இவர் 1, அவர் 6, மேல்மாடிக்காரர் 11 என்று பிரித்துக்கொண்டால் என்ன? சானல் அகலத்தை எல்லோரும் 20 மெகாஹெர்ட்ஸாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதற்குக் காலணாச் செலவில்லை. தெருவார் ஒன்று கூடி, பந்தல் போட்டு, வசூல் செய்து துர்க்கா பூஜை நடத்தும் ஊர் இது. அந்த ஒற்றுமையில் சிறு பங்கு இதற்கும் கிடைக்கட்டும். வங்காளி, மார்வாடி, தமிழர் என்ற பேதம் அலைகளுக்குக் கிடையாது.