பெயரேடு எவர் பொறுப்பில்?

இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி உண்டு. கணினிக்கு எண் போதும்; மாந்தர் நினைவில் நிற்பது பெயரே. பெயரைத் தந்தால் அதற்குரிய எண்ணைக் கண்டறிந்து சொல்லும் ஏற்பாட்டினைக் களப்பெயர் முறைமை என்பர். நாள்தோறும் கோடிக்கணக்கானோர் அதனைப் பயன்படுத்துகின்றனர். எனினும், அப்பெயரேட்டை எழுதும் உரிமை எவருக்கு உரியது என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

தொடக்கத்தில் அந்த ஏடு ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு அதனைப் பேணியது. வலையமைப்பு வளர வளர, ஒரு கோப்பைத் திருத்தி அனைவருக்கும் வழங்குவது இயலாததாயிற்று. 1983-ஆம் ஆண்டு பால் மொகாபெட்ரிஸ் வகுத்த முறைமை அப்பொறுப்பைப் படிநிலைகளாகப் பகிர்ந்தளித்தது. மரத்தின் கிளைகள்போல் பிரிவுகள் பல. ஆனால் வேர் ஒன்றே. நாடுகளுக்குரிய பின்னொட்டுகளும், ‘.காம்’, ‘.ஆர்க்’ போன்ற பொதுப் பின்னொட்டுகளும் அவ்வேரின் பட்டியலில் இடம்பெறுகின்றன. தமிழ் எழுத்தில் அமைந்த ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவையும் அங்கேதான் உள்ளன. அப்பட்டியலில் ஒரு பதிவு நீக்கப்படின், அதன்கீழ் உள்ள பெயர்கள் யாவும் சில நாள்களுக்குள் எட்டாதனவாகிவிடும்.

இத்தகைய ஏட்டை நெடுங்காலம் பொறுப்புடன் கவனித்து வந்தவர் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர். 1998 ஜனவரி 28 அன்று அவர் மூலச் சேவையகங்களுள் எட்டின் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் விடுத்து, இனித் தம் கணினியிலிருந்தே பட்டியலைப் பெறுமாறு வேண்டினார். அவர்களும் இசைந்தனர். அமெரிக்க அரசு தலையிட்டபின் பழைய நிலை திரும்பியது. தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும், தனி ஒருவரின் நன்மதிப்பையே நம்பி உலக அமைப்பு ஒன்று இயங்கியது என்பதனை அந்நிகழ்ச்சி வெளிக்காட்டியது. அவ்வாண்டிலேயே ‘ஐகேன்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு கலிபோர்னியாவில் தோன்றியது. அதன்மீது அமெரிக்க அரசு கொண்டிருந்த ஒப்பந்தவழி மேற்பார்வை 2016 செப்டம்பர் 30-உடன் முடிவுற்றது. அதன்பின் அரசுகள், நிறுவனங்கள், தொழில்நுட்ப வல்லுநர், பயனாளர் எனப் பலதரப்பினரும் கூடி மேற்பார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

இம்முறையின் வலிமையும் குறையும் ‘.ஆர்க்’ விற்பனை முயற்சியில் ஒருங்கே வெளிப்பட்டன. தொண்டு நிறுவனங்களும் பொதுநல அமைப்புகளும் பெரிதும் நாடும் பின்னொட்டு அது. ஆண்டுதோறும் அதன் கட்டணத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தலாகாது என்ற வரம்பு முன்பு இருந்தது. 2019 ஜூன் மாத இறுதியில் ஐகேன் அவ்வரம்பை நீக்கியது. அதற்குமுன் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. 3000-க்கும் மேற்பட்டோர் எழுதினர். மிகப் பெரும்பாலோர் எதிர்த்தனர். கருத்தைக் கேட்டபின் அதனைப் பொருட்படுத்தாமை, கேளாமையினும் தாழ்ந்ததே. அவ்வாண்டு நவம்பரிலேயே, ‘.ஆர்க்’கினை நிருவகிக்கும் அமைப்பை 113.5 கோடி டாலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கவிருப்பதாக அறிவிப்பு வெளிவந்தது. தொண்டு நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. 2020 ஏப்ரலில் கலிபோர்னிய மாநிலத் தலைமை வழக்கறிஞர் இவ்விற்பனையை ஏற்கவேண்டா என ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். அம்மாதம் 30-ஆம் நாள் ஐகேன் இசைவு மறுத்தது.

முடிவு நல்லதே. ஆனால் அதனை எட்டிய வழி ஐயத்திற்கு இடந்தருகிறது. ஒரு மாநில அதிகாரியின் கடிதத்திற்கு இருந்த எடை, ஆயிரக்கணக்கான பயனாளரின் எழுத்துக்கு இல்லாமற்போனது ஏன்? விற்பனை தடுக்கப்பட்டதேயன்றி, கட்டண வரம்பு மீண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. பெயரேட்டைக் காப்பவர் அதன் உரிமையாளர் அல்லர் என்பது ஒப்பந்த விதியாகவே அமைதல் வேண்டும். நெருக்கடி வரும்போது மட்டும் நினைவுகூரப்படும் நன்னெறியாக அது இருத்தல் போதாது.

இக்குறையைக் காட்டி, அரசுகளிடமே பொறுப்பை ஒப்படைக்கலாம் என்பாரும் உளர். 2022 பிப்ரவரி இறுதியில், படையெடுப்புக்கு உள்ளான உக்ரைன், ரஷ்யாவின் பின்னொட்டுகளை நீக்குமாறு ஐகேனை வேண்டியது. வேண்டியோரின் துயர் எவரும் உணரக்கூடியதே. ஐகேன் மறுத்தது, மறுத்தது முறையே. பின்னொட்டை நீக்கினால் படைகள் நின்றுவிடா. போரை எதிர்க்கும் ரஷ்யக் குடிமக்களின் தளங்களும் சேர்ந்தே மறையும். அரசுகளின் கையில் ஏடு இருந்திருப்பின், அந்நாளில் இத்தகைய மறுமொழி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே திருத்தப்பட வேண்டியது பலதரப்பு முறையே; கைவிடப்பட வேண்டியதன்று. பெரும்பான்மைக் கருத்துக்கு மாறாக முடிவெடுக்கும்போது, அதற்கான காரணத்தைப் புள்ளிதோறும் எழுதி வெளியிடும் கடமை ஐகேனுக்கு இருத்தல் வேண்டும். கருத்து கூறுவோரின் எண்ணிக்கையும் பெருகவேண்டும். அதற்கு வாயில் அடைக்கப்படவில்லை. அமெரிக்க மேற்பார்வை முடிந்தபின் ஐகேனின் முதற் பொதுக்கூட்டம் 2016 நவம்பரில் ஐதராபாத்தில் நடைபெற்றது. அக்கூட்டங்களில் எந்நாட்டவரும் கட்டணமின்றிப் பதிவுசெய்து பங்கேற்கலாம். நேரில் செல்ல இயலாதவர் இணையவழியே வினா எழுப்பலாம்.