கம்பம் சாய்ந்தால் குடிதண்ணியும் போச்சு!



2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. புயல் வருதுன்னு முன்கூட்டியே சொன்னாங்க, முகாமும் திறந்தாங்க. மறுக்கலை. ஆனால் காத்து ஓய்ந்த பிறகுதான் நம்ம பாடு ஆரம்பிச்சது.

ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. விளக்கு மட்டுமா அணைஞ்சது? மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடலை, குழாயில் சொட்டுத் தண்ணி இல்லை. செல்போன் டவரும் செத்துப் போச்சு. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடிச்சுத் தண்ணி ஏத்தினோம். செல்லுக்குச் சார்ஜ் போடவும் காசு கொடுத்தோம். உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. முட்டளவு தண்ணியில் நின்று கம்பி இழுத்த மின் ஊழியர்களை நாம் குறை சொல்லவில்லை. குடிதண்ணி, பாசனம், பேச்சு எல்லாத்தையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, அது அறுந்தால் என்ன செய்வதென்று யோசிக்காத அரசைத்தான் கேட்கிறோம். முந்தி தெருவுக்குத் தெரு அடிபம்பு இருந்ததே, குழாய் வந்ததும் அதை ஏன் துருப்பிடிக்க விட்டீர்கள்?

பயிர்க் காப்பீட்டில் ஒரு விதி. அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் புயலில் அழிந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணுமாம். டவர் இல்லை, ரோடெல்லாம் மரம் கிடக்குது. எதில் சொல்றது, எப்படிப் போறது?

விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு அன்று போட்ட விலை 1,100 ரூபாய்!

அரசை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. ஐப்பசிக்கு முன்னாடியே சிட்டா, பட்டா, பாஸ்புக், காப்பீட்டு ரசீது எல்லாத்தையும் நகல் எடுத்து பாலித்தீன் பையில் கட்டி வையுங்க. ஓட்டு வீடு, கூரை வீட்டுக்காரங்க ஒரு செட்டை மெத்தை வீட்டு உறவுக்காரர்கிட்ட கொடுத்து வைக்கலாம். கூரை பிய்ச்சுக்கிட்டுப் போனால் பரண் மிஞ்சாது. விதைநெல்லுக்கும் அதே கதிதான், அதையும் மெத்தை வீட்டுக்கு மாத்துங்க. காத்து கிளம்புமுன் டிரம், அண்டா எல்லாத்திலும் தண்ணி பிடிச்சு மூடி வையுங்க. மாட்டைக் கயித்தில் கட்டிப் போடாம அவிழ்த்து விடுங்க. முக்கியமா ஒண்ணு: ஊரிலேயே கரண்ட் இல்லையேன்னு அறுந்து கிடக்கிற கம்பியைத் தொடாதீங்க. எங்கேயோ ஒருத்தர் ஜெனரேட்டரை முறையில்லாம இணைச்சிருந்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் ஏறலாம்.

ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வாங்க. மேல்நிலைத் தொட்டிக்கு ஜெனரேட்டர் வேணும். கெட்டுக் கிடக்கிற அடிபம்பு அத்தனையும் மழைக்கு முன்னே பழுதுபார்க்கணும். இது ரெண்டையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்க.