வாங்கமுன் எட்டுச் சிலிண்டரையும் கேளுங்கோ

கோடை விடுமுறையில் புல்லு வெட்டிச் சேர்த்த காசோட மகன் வந்து, "அப்பா, ஒரு சில்வராடோ பாத்து வச்சிருக்கிறன், மூண்டு லட்சம் கிலோமீற்றர்தான்" எண்டு சொன்னால் என்ன செய்வியள்? அந்த "தான்" எண்ட சொல்லில்தான் எனக்குப் பயம். எங்கட அப்பாமார் இப்படியான வண்டியை வாங்கி, திருத்தித் திருத்தியே ஓடினவை. எங்களில் கனபேர் ஒயில் மாத்தவே கராச்சுக்குப் போற ஆக்கள்.

ஒன்ராறியோவில் 'சேஃப்ரி' எடுத்த வண்டி எண்டால் நல்ல வண்டி எண்டு நினைக்கிறம். அந்தப் பரிசோதனை பிரேக், ஸ்ரியரிங், ரயர், லைற் போன்றவற்றைப் பார்க்கும். எஞ்சினுக்குள்ள தேய்மானம் எவ்வளவு எண்டு பார்க்காது. கார்களுக்கும் சிறிய ட்ரக்குகளுக்கும் இருந்த புகைப் பரிசோதனையையும் 2019இல் நிறுத்திப் போட்டினம். ஆகவே எஞ்சினைப் பற்றிக் கேட்கிறது எங்கட வேலை.

அதுக்குத்தான் கொம்பிரஷன் ரெஸ்ட். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்று எவ்வளவு இறுகுது எண்டு அளக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும், வால்வ் சரியாக மூடாவிட்டாலும், ஹெட் காஸ்கெற் போனாலும் காற்று கசிந்து எண் குறையும்.

ஆரோ ஒருத்தற்ற வாசலில் நிண்டு எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்ட விடமாட்டினம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாத ஒரு மெக்கானிக்கிட்ட, உங்கட செலவில், வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. விற்கிறவர் ஒரேயடியாக மாட்டன் எண்டால் நான் அந்த வண்டியை விட்டுடுவன்.

மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ, எண்களை அவனே எழுதட்டும். எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கவேணும். ஆனால் கொதிக்கக் கொதிக்க பிளக் கழட்டினால் அலுமினியத் தலையில் மரை போயிடும். பெற்றோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷன் கொயில்களின் இணைப்பையும் கழட்டி, எட்டுப் பிளக்கையும் எடுத்துவிட்டு, கேஜைக் கையாலேயே முறுக்கிப் பூட்டுவினம். பிறகு அக்ஸிலரேற்றரை அடிவரைக்கும் மிதித்தபடி ஸ்ராட்டரை நாலைந்து தரம் சுழற்ற விடவேணும். மிதிக்காமல் செய்தால் காற்று போதாமல் நல்ல எஞ்சினும் நோயாளி மாதிரித் தெரியும். பற்றரி இறங்கியிருந்தாலும் அதே கதைதான்.

ஜி.எம். சொல்லும் கணக்கு இது: எந்தச் சிலிண்டரும் 100 பி.எஸ்.ஐக்குக் கீழே போகக்கூடாது, குறைந்தது கூடினதின் 70 வீதமாவது இருக்கவேணும். ஏழு சிலிண்டர் 160க்கும் 170க்கும் இடையில், ஏழாம் நம்பர் மட்டும் 110 எண்டு வைப்பம். நூறைத் தாண்டினதுதான், ஆனால் 170இன் 70 வீதம் 119. தேறாது. எட்டும் 140 எண்டு வந்தால் எனக்கு இதைவிட நிம்மதி. அது ஒரே சீராக வயசுபோன எஞ்சின்.

குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளப்பினம். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கு. ஏறாவிட்டால் வால்வ் பக்கம் பாருங்கோ. 5, 7 போல பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒண்டாக விழுந்தால் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகப்படலாம். 2007க்குப் பிறகு வந்த கனக்க 5.3 லீற்றர் எஞ்சின்களில் எரிபொருள் மிச்சம் பிடிக்க 1, 4, 6, 7 சிலிண்டர்களை இடையில் தூங்க வைக்கிற முறை இருக்கு. அந்த லிஃப்ரர் இறங்கிப் போறது பேர்போன வியாதி. இந்த நாலில் ஒண்டு குறைந்து, ஒயிலுக்கும் ஏறாமல், 'டிக் டிக்' சத்தமும் கேட்டால் வேற விளக்கம் தேவையில்லை.

ஃபோர்டின் பழைய 5.4 லீற்றர், மூன்று வால்வ் எஞ்சின் எண்டால் முதலே மெக்கானிக்கிட்டச் சொல்லுங்கோ. அதில பிளக் கழட்டேக்க உள்ளுக்க முறிஞ்சு போறது வழமை. முறிஞ்சால் ஆர் காசு குடுக்கிறது எண்டதை விற்கிறவரோட முன்கூட்டியே பேசி முடிச்சுப்போட்டுத்தான் கை வைக்கவேணும்.