லீவுல வந்த டைவர் ஆத்துல குதிக்கணுமா?

ரயில்வே முன்பதிவு ஃபாரம் நிரப்பினவங்களுக்குத் தெரியும், அதுல ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நீங்க டாக்டரா இருந்தா டிக் பண்ணுங்க, அவசரத்துக்கு உதவலாம்னு போட்டிருக்கும். எங்க தெருவுல ஒரு டாக்டர் அந்தக் கட்டத்தைத் தொடவே மாட்டார். "டிக் பண்ணா ராத்திரி ரெண்டு மணிக்கு டிடிஆர் வந்து எழுப்புவாருங்க. கையில மருந்து இருக்காது, ஒண்ணும் இருக்காது. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"ன்னு சிரிச்சுட்டே கேப்பார். போத்தனூர் ஸ்டேஷன்ல டிக்கெட் எடுக்க நிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து நானும் சிரிச்சிருக்கேன். ரெண்டு வருஷம் முந்தி ஒரு ஆடி மாசத்துக்கு அப்புறம் சிரிப்பு வர்றதில்ல.

என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருத்தன் அந்தமான்ல ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறான். போத்தனூர்க்காரனுக்குக் கடல் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, எல்லாம் தோட்டத்துக் கிணத்துல ஆரம்பிச்சதுதான் :-) மழை சீசன்ல அங்க கூட்டம் கம்மி, ஊருக்கு வந்துருவான். அந்த ஆடியில ரெண்டு குடும்பமும் சேர்ந்து மேட்டுப்பாளையம் பக்கம் பவானிக் கரைக்குப் போயிருந்தோம். எந்த இடம்னு வேண்டாமே.

பவானியைத் தெரிஞ்சவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல. மேல பில்லூர் அணை. 100 அடியில 97 தொட்டா உபரி நீரைத் திறந்துவிடுவாங்க. மின் உற்பத்திக்கும் தண்ணி விடுவாங்க. கீழ முழங்கால் அளவு தண்ணியில நின்னு குளிக்கிறவனுக்கு மேல மழையே தெரியாது, வெயில் அடிச்சுட்டிருக்கும். தண்ணி பாட்டுக்கு ஏறும்.

அன்னிக்கும் அப்படித்தான். எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்துல ரெண்டு பசங்க நடுவுல பாறை மேல மாட்டிக்கிட்டாங்க. இவன் குதிக்கல. டெம்போவுல லோடு கட்டற கயிறை உருவிட்டு ஓடினான். காலி இருபது லிட்டர் தண்ணி கேன் ஒண்ணை அதுல கட்டி வீசினான். மூணாவது வீச்சுல ஒரு பையன் பிடிச்சான், இழுத்துட்டோம். அடுத்தவனுக்கு வீசறதுக்குள்ள பாறையில அவன் இல்ல. சாயங்காலம்தான் கிடைச்சான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். என் வீட்டம்மாதான் யார்கிட்டயோ "அண்ணன் கடல்ல டைவிங் வாத்தியாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. செத்த பையனோட பாட்டி வந்து இவன் முன்னாடி நின்னுச்சு. "ஏனுங் தம்பி, உங்களுக்கு கடல்லயே நீந்தத் தெரியுமாமல்ல. எங்க பையனுக்கு இறங்கியிருக்கக் கூடாதுங்ளா?" அவ்வளவுதான் கேட்டுச்சு. திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். ஸ்டேஷன்லயும் அதே கேள்வியை வேற தொனியில கேட்டாங்க, பேர், விலாசம், வேலை எல்லாம் எழுதிக்கிட்டு. திரும்பி வர்றப்ப கார்ல நானும் கேட்டேன். இதை ஒத்துக்கிட்டே ஆகணும்.

"மாப்ள, சிலிண்டர் இல்லாம நான் வெறும் நீச்சல்காரன்"னான். "கடல்ல எனக்கு மாஸ்க், ஃபின்ஸ், காத்து, மேல படகு எல்லாம் இருக்கு. இது வெள்ளம் போற ஆறு, அடியில பாறை. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையே வேற. கை நீட்டு, முடியலைன்னா ஏதாச்சும் எறி, அதுவும் முடியலைன்னா படகுல போ. நீந்திப் போறது கடைசி. நான் குதிச்சிருந்தா கயிறு வீச ஆள் இல்ல. அந்த முதல் பையனும் போயிருப்பான்."

சரிதான். ஆனா அவன் அன்னிக்கு ராத்திரி தூங்கல. தப்பு செய்யாதவன் ஏன் தூங்காம இருக்கணும்?

அவன் சொன்ன இன்னொரு விஷயம். டைவிங் வாத்தியாருங்க லீவுல வேற ஊருக்குப் போய்ச் சும்மா ஜாலிக்கு டைவ் அடிக்கும்போது, சில பேர் வாத்தியார் கார்டைக் காட்டவே மாட்டாங்களாம். சாதா கார்டை நீட்டுவாங்களாம். பக்கத்துல ஒருத்தனுக்கு ஏதாச்சும் ஆனா "நீ ப்ரொஃபஷனல்தானே, ஏன் பாக்கல?"ன்னு கோர்ட்டுல கேப்பாங்கங்கிற பயம். எங்க தெரு டாக்டரோட டிக் கட்டத்தை அப்படியே கடலுக்குள்ள இறக்கின மாதிரி இருந்துச்சு எனக்கு.

சரி, சட்டம் என்னதான் சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். (டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க. தப்பிருந்தா தெரிஞ்சவங்க திருத்துங்க.)

நம்ம பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு 1837-ல வரைவு தயாரிச்ச குழுவுக்குத் தலைவர் மெக்காலே. 1834-ல நம்ம ஊட்டியில சில மாசம் தங்கின அதே மெக்காலேதான். அந்த வரைவோட குறிப்புகள்ல அவர் கொடுக்கிற உதாரணத்தைப் படிச்சப்ப எனக்கு முதுகு சில்லிட்டுப்போச்சு. ஆத்துல வெள்ளம். ஒருத்தன் கடக்கப் போறான். அபாயம் தெரிஞ்ச இன்னொருத்தன் வேணும்னே சொல்லாம விடறான், போனவன் சாகறான். சொல்லாம விட்டவன் எச்சரிக்கறதுக்குன்னே சர்க்கார் நிறுத்தின பியூனா இருந்தா அது கொலை. கூட்டிப்போறேன்னு பேசி வந்த வழிகாட்டியா இருந்தாலும் கொலை. ஆனா மனுஷனுக்கு மனுஷங்கிறதைத் தவிர வேற உறவே இல்லாத ஒருத்தனா இருந்தா? கொலை இல்ல.

இன்னிக்கு வரைக்கும் நம்ம சட்டத்தோட அடிப்படை இதுதான். கடமை இருந்து செய்யாம விட்டா குற்றம், கடமையே இல்லைன்னா வெறும் வேடிக்கை பாத்தது குற்றமில்ல. 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்தும் இந்த அஸ்திவாரம் மாறல. ஜெர்மனி, ஃபிரான்ஸ்ல அப்படி இல்ல. தனக்கு ஆபத்தில்லாம உதவ முடிஞ்சும் உதவாம போனா அங்க தண்டனை உண்டு.

அப்ப லீவுல இருக்கிற டைவருக்குக் கடமையே வராதா? வரும். கூட வர்றேன்னு ஒத்துக்கிட்டா வரும். 2003 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல, தேனிலவுக்கு வந்த டினா வாட்சன்ங்கிற அமெரிக்கப் பெண் யோங்காலாங்கிற மூழ்கின கப்பல் பக்கம் டைவ் பண்ணும்போது இறந்துபோனாங்க. கூட டைவ் பண்ணினது கணவர் கேப் வாட்சன். மீட்பு டைவர் பயிற்சி முடிச்சவர். அன்னிக்கு அவர் யாருக்கும் வாத்தியார் இல்ல, சம்பளம் வாங்கல, லீவுல இருந்தவர்தான். ஆனா கடலுக்குள்ள ஜோடியா இறங்கினா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும். அந்தக் கடமையில தவறினதா 2009-ல குற்றத்தை ஒத்துக்கிட்டு, மேல்முறையீட்டுக்கு அப்புறம் 18 மாசம் சிறை. அமெரிக்காவுல தனியா போட்ட கொலை வழக்கு 2012-ல தள்ளுபடி ஆச்சு. இங்க முக்கியமா பாக்க வேண்டியது, வேலை நேரமாங்கிற கேள்வி அந்தக் கடமையை அழிக்கலைங்கிறது. ஜோடியா இறங்கினதே கடமை.

என் சிநேகிதன் விஷயம் அப்படியில்ல. அந்தப் பசங்க யாரோ. மெக்காலே கணக்குல அவன் மூணாவது ஆள். கயிறு வீசாம காரை எடுத்துட்டுக் கிளம்பியிருந்தா சட்டம் அவனை ஒண்ணும் கேட்டிருக்காது. வீசினதாலதான் ஸ்டேஷனுக்குப் போனான். கொடுமையே இங்கதான் இருக்கு.

ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவனைத் தூக்கினா இன்னிக்கு நமக்குப் பாதுகாப்பு இருக்கு. 2016 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சேவ்லைஃப் வழக்குல வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட பலம் கொடுத்துச்சு. பேர் விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவே சேத்தாங்க. நல்லெண்ணத்தோட உதவப்போய் ஏதாவது தவறிப்போனாலும் உதவினவர் மேல வழக்கு கிடையாது. ஆனா அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும். அவிநாசி ரோட்டுல தூக்கினா சட்டம் காப்பாத்தும், பவானியில தூக்கினா காப்பாத்தாது. இந்தியாவுல தண்ணியில மூழ்கிச் சாகறவங்க வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல. 2023 அக்டோபர்ல வால்பாறைப் பக்கம் சோலையாறுல கோவை மாணவர்கள் அஞ்சு பேர் ஒரே நாள்ல போனாங்களே, மறந்துட்டோமா?

ஆத்துக்குப் பொதுவா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. பழைய சட்டத்துல 92-வது பிரிவு, இப்போ 30. சம்மதம் கேக்க முடியாத நிலைமையில ஒருத்தரோட நன்மைக்காக நல்லெண்ணத்தோட செஞ்சா குற்றமில்ல. தீப்பிடிச்ச வீட்டு மேல இருந்து, கீழ போர்வையைப் பிடிச்சுட்டு நிக்கிறவங்களை நம்பிக் குழந்தையைப் போடறவன் உதாரணம் அதுல உண்டு. குழந்தை செத்துட்டாலும் அவன் குற்றவாளி இல்ல. அருமை. ஆனா "நல்லெண்ணம்"னா உரிய கவனத்தோட செஞ்சதுன்னு அதே சட்டம் சொல்லுது. உரிய கவனம்னா யாருக்கு எவ்வளவு? தெரியாதவன் தப்பா இழுத்தா "பாவம், தெரியாது"ம்பாங்க. பயிற்சி உள்ளவனைப் பயிற்சி அளவுகோல்லதான் அளப்பாங்க. அதனாலதான் தெரிஞ்சவன் கார்டை மறைக்கிறான், டாக்டர் டிக் பண்ணாம விடறார்.

என் கருத்தை நேராச் சொல்லிடறேன். கத்துக்கிட்ட வித்தையை யூனிஃபார்ம் மாதிரி கழட்டி ஆணியில மாட்ட முடியாது. லீவுல இருந்தாலும் கடமை உண்டு. ஆனா அந்தக் கடமை குதிக்கறது இல்ல. விலகிப் போகாம நிக்கறது. தெரிஞ்சதைத் தெரிஞ்ச வரிசையில செய்யறது. செத்துக் காட்டுன்னு யாரையும் கேக்க நமக்கு உரிமை கிடையாது. கூட்டம் அவன்கிட்ட கேட்டது அதைத்தான், நானும் சேர்த்து.

அப்படி நிக்கறவனுக்கு ரோட்டுல கொடுக்கிற அதே பாதுகாப்பைத் தண்ணியிலயும் கொடுக்கணும். 134ஏ பிரிவுல "மோட்டார் வாகன"ங்கிற வார்த்தையைத் தாண்டி வர்றதுக்கு இன்னும் எத்தனை ஆடி வேணும்? இரக்கத்தைச் சட்டம் போட்டு வரவைக்க முடியாது, ஒத்துக்கறேன். இரக்கப்பட்டவனை ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வைக்காம இருக்கலாமில்ல?

அவன் இப்பவும் மழை சீசனுக்கு வர்றான். கார் டிக்கியில எறியறதுக்குன்னே ஒரு கயிறு வாங்கிப் போட்டிருக்கான். போன தடவை எனக்கும் ஒண்ணு வாங்கிக்கொடுத்து, காலி கிரவுண்டுல வீசக் கத்துக்கொடுத்தான். மொத வீச்சு மூணு அடி கூடப் போகல, பசங்க சிரிச்சாங்க. இப்ப ஓரளவுக்குக் குறி வைக்கத் தெரியும்.

தெரு டாக்டர்கிட்டயும் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "சட்டம் வரட்டுமுங்க, பாக்கலாம்"னார். நீங்களா இருந்தா டிக் பண்ணுவீங்களா? மழுப்பாம சொல்லுங்க மக்களே.