பிழைச் செய்தியைப் படியுங்கள்!



ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் விலகினால் என்ன செய்வீர்கள்? சுற்றைத் துண்டித்துவிட்டு, இணைப்பில் எங்கே தவறு என்று பார்ப்பீர்கள். ஆனால் கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் இந்த நல்ல பழக்கம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. 'ஆவணத்தைச் சேமிக்க முடியவில்லை' என்று திரையில் செய்தி தோன்றினால், முழுதும் படிக்காமலேயே அதை மூடிவிடுகிறோம். இத்தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் மாணவி ஒருவர் தம் ஆய்வறிக்கையை நான்கு மணி நேரம் தட்டச்சு செய்தார். முடிவில் சேமிக்க முயன்றபோது பிழைச் செய்தி வந்தது. என்னை அழைத்தார். வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்த நான், திரையைச் சரியாகப் பார்க்காமலேயே, "நிறுத்திவிட்டு மறுபடி போடம்மா" என்றேன். அவரும் அப்படியே செய்தார். நான்கு மணி நேர உழைப்பும் மறைந்தது. அவர் சேமிக்க முயன்ற பென்டிரைவில் இடம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செய்தியிலும் அதுவேதான் எழுதியிருந்தது!

ஏன் மறைந்தது? நீங்கள் தட்டச்சு செய்பவை முதலில் கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றன. அங்கு ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றின் மின்னூட்டமாக உள்ளது. அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நின்றுவிடும். சேமித்தல் என்பது, அச்செய்தியை மின்சாரம் இன்றியும் நிலைத்து நிற்கும் வட்டிலோ பென்டிரைவிலோ எழுதி வைப்பதே ஆகும். ஆகவே, சேமிக்க முடியாதபோது மின்சுற்றில் செய்வதைப் போல இங்கே மின்சாரத்தைத் துண்டிப்பது பெருங்கேடு.

சேமிப்பு தடைப்படுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளியவை. இடம் தீர்ந்திருக்கலாம். அந்த இடத்தில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லாதிருக்கலாம். அதே கோப்பை வேறொரு மென்பொருள் திறந்து வைத்திருக்கலாம். சேமித்து முடியும் முன்பே பென்டிரைவைப் பிடுங்கியிருக்கலாம். பெயரிலும் பிழை நேரும். 'சோதனை 12/6' என்று தேதியைச் சேர்த்து ஒரு கோப்புக்குப் பெயரிட்டுப் பாருங்கள். விண்டோஸ் அதை ஏற்காது. சாய்கோடு அங்கே கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. கேள்விக்குறியும் நட்சத்திரக்குறியும் அவ்வாறே விலக்கப்பட்டவை.

தமிழில் பெயரிடுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழிலோ 'க' என்பதற்கு 3 பைட்டுகள். 'கி' என்பதற்கு 6. 'இயற்பியல்' என்னும் ஆறெழுத்துச் சொல் 27 பைட்டுகளைப் பிடிக்கும். எனவே நீண்ட தமிழ்த் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் சேமிப்பு மறுக்கப்படலாம். அது தமிழின் குறையன்று. பெயரைச் சுருக்கினால் போதும்.

இனி, பிழை தோன்றினால் என்ன செய்வது? முதலில் செய்தியை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஆவணத்தைக் காப்பாற்றுங்கள். குறுகிய வேறு பெயரில், வேறு இடத்தில் சேமித்துப் பாருங்கள். அதுவும் இயலாவிட்டால், முழுவதையும் நகலெடுத்து வேறொரு மென்பொருளில் ஒட்டிச் சேமியுங்கள். காப்பாற்றிய பிறகே காரணத்தைத் தேட வேண்டும். அப்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இடத்தை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றியதும் சேமிப்பு நிகழ்ந்தால், குற்றம் பெயரில். பெயரை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றியதும் நிகழ்ந்தால், குற்றம் இடத்தில். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காரணம் புலப்படாது. ஓம் விதிச் சோதனையில் மின்தடையை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோமே, அதே முறைதான் இது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணிப்பொறிச் செய்முறைத் தேர்வில் பிழையின்றி முடிப்பவருக்கே மதிப்பெண் தருகிறோம். வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, அதன் காரணத்தைக் கண்டு சொல்பவருக்கும் மதிப்பெண் தரலாமே! பிழையைக் கண்டு அஞ்சாமல் ஆராயும் பழக்கம் அப்போதுதான் வளரும்.

அந்த மாணவி மறுநாள் வந்து முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்தார். இம்முறை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சேமித்தார். நானும் அன்று முதல், யார் அழைத்தாலும், "திரையில் என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்" என்றுதான் முதலில் கேட்கிறேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.